பிள்ளையின் கை தெரிய வேண்டும்: இணைய வகுப்புக்கு நான் செய்த இரண்டு தாங்கிகள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாக எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க ஓர் அமைப்பு கடைசியில் ஒழுங்காக அமைந்துவிட்டது. ஒரு பிவிசி குழாய்த் தாங்கி, ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு பழைய கைப்பேசிகள், ஒரு மடிக்கணினி, அவ்வளவுதான். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

பெரிய வகுப்புக்கு நடத்துவதுபோலத்தான் முதலில் தொடங்கினேன். திரையைப் பகிர்வது, வண்ண வண்ண ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு படம். பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள், கேட்டதற்குப் பதிலும் சொன்னார்கள். ஆனால் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது ஒன்று தெரிந்தது. எழுத்தின் உருவத்தை அவர்கள் ஓவியம் மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் இழுப்பது என்பது ஸ்லைடில் இல்லையே! அசையும் படமாகப் போட்டுப் பார்த்தேன். கோடு தானாக ஓடுகிறது, ஆனால் எழுதும் கை அதில் இல்லை. பென்சிலை எப்படிப் பிடிப்பது, எங்கே அழுத்துவது, எங்கே கையை எடுப்பது, இதெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கையைப் பார்த்தால்தான் வரும்.

அதனால் என் கை அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர்கள் கை எனக்குத் தெரிய வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. உண்மையில் அதுதான் பெரிய வேலை.

ஆசிரியர் பக்கத் தாங்கி

புத்தகங்களை இரண்டு அடுக்காக வைத்து, மேலே ஒரு மர ஸ்கேலைக் குறுக்கே போட்டு, அதன்மேல் கைப்பேசியைப் படுக்க வைத்துப் பார்த்தேன். படம் நன்றாகவே வந்தது. ஆனால் தாளைத் திருப்பும்போது முழங்கை பட்டால் எல்லாமே சரிந்துவிடும். அடுத்து, வளையும் கழுத்துள்ள ஒரு கைப்பேசிப் பிடிப்பானை மேசை விளிம்பில் மாட்டினேன். பேனா தாளில் அழுந்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கழுத்து ஆடியது, படமும் கூடவே ஆடியது. பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். வளையும் கழுத்து எதுவும் இந்த வேலைக்கு ஆகாது என்பதே என் கருத்து.

பிறகுதான் முக்கால் இஞ்ச் பிவிசி குழாய்க்கு வந்தேன். வெட்டிய அளவுகள்: அடியில் பின்பக்கக் குறுக்குக்கு 15 செ.மீ. துண்டு இரண்டு, முன்னால் நீளும் கால்களுக்கு 30 செ.மீ. இரண்டு, நிற்கும் தண்டுக்கு 40 செ.மீ. ஒன்று, மேலே நீட்டும் கைக்கு 25 செ.மீ. ஒன்று. மொத்தம் 155 செ.மீ. குழாய். இணைக்க மூன்று எல்போ (செங்கோண வளைவு), ஒரு டீ (மூன்று வாயுள்ள இணைப்பு), மூன்று மூடி. பின்குறுக்கின் நடுவில் டீயை மேல்நோக்கி வைத்துத் தண்டைச் செருகினால், தாளின் இரு பக்கமும் கால்கள் வரும், தண்டு எனக்கு எதிர்ப்பக்கம் நிற்கும், எழுதும் கை நுழையும் பக்கம் திறந்தே இருக்கும்.

பசை போடவில்லை. அழுத்திச் செருகினாலே போதும், கழற்றிப் பைக்குள் வைக்கலாம். ஆனால் 200 கிராம் கைப்பேசியை நுனியில் மாட்டியதும் முன்பக்கம் சாய்ந்தது. எடை முன்பக்கம் அதிகமாகிவிடுவதுதான் காரணம். அடிக்குழாய்களில் காய்ந்த மணலை நிரப்பி, கால்நுனிகளை மூடியதும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை சேர்ந்து தாங்கி அசையாமல் நின்றது. மணலில் துளி ஈரம் இருந்தாலும் குழாய்க்குள் கட்டிபட்டுவிடும், நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

மேல்கை நுனிக்கான மூடியில் 6.5 மி.மீ. துளை போட்டேன். கேமரா முக்காலிகளில் இருக்கும் கால் இஞ்ச் திருகு 6.35 மி.மீ. என்பதால் இந்தத் துளை சரியாகப் பொருந்தும். போல்ட்டை உள்ளிருந்து வெளியே தள்ளி, சாதாரணக் கைப்பேசிக் கிளாம்ப்பை அதில் திருகி, கைப்பேசியின் முகம் மேல்பார்க்கத் திருப்பிவிட்டால் பின்கேமரா தாளை நேராகப் பார்க்கும். துளையிடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பேசியின் கேமரா நடுவில் இருப்பதில்லை, மூலையில்தான் இருக்கும். தாளின் நடுவுக்கு நேராக வரவேண்டியது கேமராக் கண், கைப்பேசியின் நடு அல்ல.

உயரம் 38 செ.மீ. வைத்தேன். அந்த உயரத்தில் என் கைப்பேசியின் வீடியோவில் ஏறத்தாழ 44 செ.மீ. அகலம் விழுகிறது. படுக்கவைத்த ஏ4 தாள் 29.7 செ.மீ., இரு பக்கமும் கைக்கு 7 செ.மீ. இடம். 30 செ.மீ. உயரத்தில் தாள் மட்டும் தெரியும், கை பாதியில் வெட்டுப்படும். 50-க்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும்.

மேசை அதிர்வு மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு துவாலையை நான்காக மடித்துத் தாங்கிக்கு அடியில் போட்டதும் அதுவும் போய்விட்டது.

வெளிச்சம், தாள், பேனா

மேலே எரியும் விளக்கு போதும் என்றுதான் யாரும் நினைப்போம். அந்த வெளிச்சத்தில் கைப்பேசியின் நிழல் நேராகத் தாளில் விழும். விளக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும், எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்தில். வலது கையால் எழுதுகிறவருக்கு இடது பக்கம். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது.

பளீர் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும், கை கறுத்துப் போகும். சற்று மங்கலான பழுப்புத் தாளோ, வெளிர் மஞ்சள் சார்ட்டோ வைத்தால் கையும் எழுத்தும் தெளிவாக வரும். கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் ஃபோகஸ் தேடி அலையும் தொல்லையும் உண்டு. கேமராவைப் பூட்ட வசதியுள்ள செயலி வழியாக இணைத்தால் தாளின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடலாம்.

பால்பாயின்ட் பேனாவை மறந்துவிடுங்கள். முனை 2 மி.மீ.க்குக் குறையாத ஸ்கெட்ச் பேனா வேண்டும். எழுத்தின் அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் ஆறு இஞ்ச் கைப்பேசித் திரையில். படுக்கைவாட்டில் அதன் அகலம் 13 செ.மீ. சொச்சம். என் பக்கத்து 44 செ.மீ. அந்த 13-க்குள் சுருங்குகிறது என்றால், நான் 3 செ.மீ.க்கு எழுதும் எழுத்து அவர்களுக்கு ஒரு செ.மீ.கூட வராது. அதனால் உயிர்மெய் எழுத்துகளை 5 செ.மீ. உயரத்துக்கு எழுதுகிறேன். ஒரு தாளில் இரண்டு எழுத்துக்கு மேல் எழுதுவதில்லை. தாள் நிறையச் செலவாகும், அதில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

இணைப்பு

நான் ஜூம் செயலியில் நடத்துகிறேன். தாங்கியில் இருக்கும் கைப்பேசி தனி ஆளாக வகுப்பில் சேரும், மடிக்கணினியில் என் முகம். இரண்டிலும் ஒலி திறந்திருந்தால் ஒன்றின் ஒலியை மற்றது பிடித்து வீறிட்டுக் கத்தும். மைக்கை மட்டும் அடைத்தால் போதாது, தாங்கிக் கைப்பேசியை ஒலியே சேர்க்காமல் இணைக்க வேண்டும்.

தாளைக் காட்டும் படத்தை எல்லோருக்கும் பெரிதாக்க ஸ்பாட்லைட் இருக்கிறது. வீடியோ திறந்தவர்கள் குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் அது வேலை செய்யும். பிள்ளைகள் யாரும் இல்லாமல் நானே சோதித்தபோது அந்தத் தெரிவைத் தேடித் தேடிக் குழம்பியது இதனால்தான்.

இணையம் தடுமாறும்போது படத்தின் தெளிவு தானாக இறங்கிவிடுகிறது, ஸ்கெட்ச் பேனாக் கோடுகூடக் கலங்கித் தெரிகிறது. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் மடிக்கணினியோடு இணைத்து வெப்கேமராவாக மாற்றி, திரைப் பகிர்வில் இரண்டாவது கேமரா என்ற தெரிவால் காட்டியபோது தெளிவு நன்றாகக் கூடியது. ஆண்ட்ராய்டு 14 வந்த பிறகு சில கைப்பேசிகளில் வெப்கேமரா வசதி உள்ளேயே இருக்கிறது, இல்லாதவற்றுக்குத் தனிச் செயலிகள் உண்டு. மின்னேற்றிக்கொண்டே கேமராவும் ஓடுவதால் கைப்பேசி நன்றாகச் சூடாகும். பின்னுறையைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. என் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதே, பிள்ளைகளுக்கும் அப்படியே போகிறதோ என்ற பயம் வரும். கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுவது நம் பார்வைக்கு மட்டும்தான், அவர்களுக்கு நேராகவே போகிறது.

தரவுச் செலவு பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. எடுக்கும், இருபக்கமும் ஓடினால் இரட்டிப்பு. என் வகுப்பு 25 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்பு இதனால் ஒரு தடையாகவே இல்லை. அந்த வயதுக்கு 25 நிமிடமே அதிகம்.

பிள்ளையின் பக்கம்

என் பக்கம் எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் நான் பார்ப்பதோ பிள்ளைகளின் நெற்றியையும் மேல்கூரையையும்தான். நோட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னால் கேமராவுக்கு ஒரு சாண்கூட விடாமல் ஒட்டிப் பிடிப்பார்கள், மங்கலாகத் தெரியும். தள்ளிப் பிடிக்கச் சொன்னால் முகம் மறையும் வரை தூக்குவார்கள். ஆறு பேர் காட்டி முடிப்பதற்குள் வகுப்பில் பாதி போய்விடும்.

சிலேட்டுக்கு மாறியது கொஞ்சம் உதவியது. எழுதி, கவிழ்த்து வைத்து, நான் மூன்று சொன்னதும் எல்லோரும் ஒன்றாகக் காட்டுவது. சாக்பீஸ் கோடு தடிமன், கறுப்புப் பின்னணி, நன்றாகத் தெரியும். ஒரு சொல்லை யார் சரியாக எழுதினார்கள் என்று ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். இந்தப் பழக்கத்தை இன்றும் விடவில்லை. ஆனாலும் அது முடிந்த எழுத்தைத்தான் காட்டுகிறது, எழுதும் கையை அல்ல.

அதற்குத்தான் அட்டைப்பெட்டி. எந்த வீட்டிலும் கிடைக்கும் பெட்டி, உள்ளே 30 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம் இருந்தால் போதும். பிள்ளை உட்காரும் பக்கத்தை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும். மேல்பரப்பின் நடுவில் இரண்டரை செ.மீ. சதுரமாக ஒரு துளை. கைப்பேசியைத் திரை மேலே தெரியும்படி படுக்கவைத்து, பின்கேமராவைத் துளைக்கு நேராக வைத்தால் நோட்டும் கையும் அப்படியே விழுகின்றன. முதலில் செய்தது குகை மாதிரி இருட்டாக இருந்தது. இரு பக்கச் சுவர்களிலும் ஒரு சாண் சதுரத்துக்கு ஜன்னல் வெட்டியதும் வெளிச்சம் வந்தது. பெட்டியைக் கத்தியால் வெட்டுவது பெரியவர்கள் வேலை, அதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பினேன்.

இங்கே எல்லா வீட்டிலும் ஒரே சிக்கல் வந்தது. படம் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வந்து நின்றது. கைப்பேசி மல்லாந்து படுத்திருக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதன் உணரிக்குத் தெரியாது, கடைசியாக இருந்த நிலையையே பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் கைப்பேசியைக் கையில் நேராகப் பிடித்து, படுக்கைவாட்டில் திருப்பி, திரை திரும்பியதைப் பார்த்துவிட்டு, அப்படியே மெல்லப் பெட்டிமேல் சாய்த்து வைக்க வேண்டும். இதை எழுதி அனுப்பினேன், யாருக்கும் புரியவில்லை. என் கையாலேயே செய்து அரை நிமிட வீடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மறுபடி யாரும் கேட்கவில்லை.

"டீச்சர், என் கை தெரியுதா?" இப்போது வகுப்பு இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.

கை தெரிந்ததும் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். 'ப' எழுதும் ஒரு பையன், நோட்டுப் படத்தில் குறை சொல்ல முடியாதபடி எழுதுவான். பெட்டி வழியாகப் பார்த்தால், இரண்டு நிற்கும் கோடுகளைத் தனித்தனியாக மேலிருந்து கீழே போட்டு, கடைசியில் அடிக்கோட்டால் சேர்க்கிறான். ஓர் எழுத்துக்கு மூன்று முறை பென்சிலைத் தூக்குகிறான். மெதுவாக எழுதுகிறான் என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். மூன்று சுழி 'ண'வைச் சுழி சுழியாக ஒட்டவைத்தவர்களும் இருந்தார்கள். என் தாங்கியில் கையை எடுக்காமல் நான் எழுதிக் காட்ட, கூடவே அவர்கள் எழுத, இரண்டு கையையும் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிந்தது.

கணக்கில் இன்னும் தெளிவு. ஒரு பெண்குழந்தை 13 பொத்தான்களை எண்ணி 14 என்பாள், அடுத்த தடவை 15 என்பாள். எண்களை வரிசையாகச் சொல்லத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. பெட்டிக்குள் அவள் விரலைப் பார்த்தேன். எண்ணிய பொத்தானை நகர்த்துகிறாள், ஆனால் எண்ணாத குவியலுக்குப் பக்கத்திலேயே. விரல் திரும்பி வரும்போது அது மறுபடி எண்ணப்படுகிறது. தாளின் நடுவில் ஒரு கோடு கிழிக்கச் சொன்னேன். எண்ணியவை கோட்டைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். 13 என்றாள், கலைத்து மறுபடி எண்ணினாள், மறுபடியும் 13. நேர் வகுப்பில் முப்பது பேருக்கு நடுவே இந்த விரலை நான் பார்த்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. கேமரா நோட்டைப் பார்ப்பதால் வீட்டின் உள்பக்கம் யாருக்கும் தெரிவதில்லை. அதுவரை வீடியோவைத் திறக்கத் தயங்கிய வீடுகள்கூடத் திறந்தன. பிள்ளைகள் இருக்கும் வகுப்பை நான் பதிவு செய்வதில்லை. என் கையை மட்டும் தனியாகப் படம்பிடித்து, வகுப்புக்கு வரமுடியாதவர்களுக்கு அனுப்புகிறேன்.

ஒலி

சேர்ந்து வாசிப்பது இணையத்தில் நடக்காது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்லோர் மைக்கையும் திறந்தால் செயலி ஓரிரு குரல்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். குரல் போய்ச் சேரும் தாமதமும் வீட்டுக்கு வீடு மாறும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக நடக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்குள் இருந்தால்கூட ஒரே தாளத்தில் வாசிப்பது அமையாது. ஒருவர் மைக்கில் வாசிக்க, மற்றவர்கள் மைக்கை அடைத்துக்கொண்டு கூடவே வாய்விட்டு வாசிப்பதுதான் சரிப்பட்டது. மைக் ஒவ்வொருவருக்காக மாறும்.

ல, ள, ழ வேறுபாட்டை நேரலையில் திருத்த முயன்று விட்டுவிட்டேன். இரைச்சல் நீக்கமும் இணையத் தடுமாற்றமும் சேர்ந்து அந்த நுணுக்கத்தைக் கெடுக்கின்றன. பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புவது எவ்வளவோ தெளிவு. நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், பதிலும் குரலிலேயே சொல்லலாம். "வாழைப்பழம் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பு" என்றால் ஆசையாக அனுப்புவார்கள்.

கைப்பேசியைத் தட்டிலோ பெட்டியிலோ செங்குத்தாக நிறுத்தினால் அடிவிளிம்பில் இருக்கும் மைக் துளை அடைபட்டுக் குரல் கம்மிவிடும். படுக்கவைக்கும் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை.

செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல் கேட்கும் எதுவும் இந்த வயதுக்கு ஆகாது. இணைப்பைத் தொட்டதும் திறக்க வேண்டும், விரலால் இழுக்க முடிய வேண்டும். கூகுளின் ஜாம்போர்டு என்ற இணையக் கரும்பலகையில் பலகை பலகையாகப் பாடம் செய்து வைத்திருந்தவர்கள் பலர். 2024 டிசம்பர் 31-உடன் அது நின்றுபோனது. நான் செய்த எழுத்துப் பலகைகளைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்திருந்ததால் தப்பின. எந்தக் கருவியில் செய்தாலும் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை மாற்றப்போவது

பின்குறுக்குத் துண்டுகளை 15-க்குப் பதில் 20 செ.மீ. ஆக்குவேன். வலதுபக்கக் கால் மணிக்கட்டில் இடிக்கிறது. மேல்கையை 25-லேயே விட்டுவிடுவேன், நீட்டினால் மறுபடி சாயும்.

பாடத்தைத் தொடங்குமுன் ஒரு வகுப்பை முழுக்கப் பெட்டிக்கே ஒதுக்குவேன். வீட்டுப் பெரியவர்களும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பெட்டியை வைத்து, கேமராவைத் திருப்பி, ஒரு வட்டம் வரைந்து காட்டட்டும். பாடத்தோடு பாடமாக அதைச் செய்யப் போனதில் இரண்டும் இழுபட்டன. குழுவுக்கு ஆறு பேர் என்பதை ஐந்தாக்குவேன். ஐந்து கைகளை ஒரே திரையில் கவனிக்க முடிகிறது, ஆறாவது கை எப்போதும் விட்டுப்போகிறது.

இடதுகையால் எழுதும் பிள்ளைகளுக்குப் பெட்டியின் இடது ஜன்னலைவிட வலது ஜன்னல் பெரிதாக இருக்க வேண்டும், விளக்கும் வலது பக்கம் வர வேண்டும். என் கையைப் பார்த்து எழுதுவதும் அவர்களுக்குச் சிரமம், வலதுகை எழுத்தை மறைக்கும் பக்கம் வேறு. இப்போதைக்கு அவர்களுக்காக என் இடது கையால் மெதுவாக எழுதிப் படம்பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். 'அ', 'இ' முடிந்துவிட்டது, 'ஈ' வரை வந்திருக்கிறேன்.